வெலிக்கடையில் இருந்து மிருசுவில் வரை: தூக்குத் தண்டனையைத் திரும்பக் கேட்கும் முன்

(பொது அரங்கொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணியின் உடையில் வந்த ஒருவன், விசாரணைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த பாதாள உலகக் கைதி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி, உள்ளே குடைந்தெடுத்த ஒரு புத்தகத்துக்குள் ஒளிந்து வந்தது. நீதிமன்றத்துக்குள்ளேயே இப்படி என்றால் தெருவில் போகிறவனுக்கு என்ன பாதுகாப்பு என்று மக்கள் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், நாலு பேரைத் தொங்கவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

இப்படிக் கேட்பவர்களை நான் கொடியவர்கள் என்று சொல்லமாட்டேன். பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை படலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள். பயந்தவர்கள், பறிகொடுத்தவர்கள். இன்றைக்கு நான் பேச விரும்புவது அவர்களோடுதான். மரண தண்டனையை ஏற்கெனவே எதிர்ப்பவர்களுக்கு என் பேச்சு தேவையில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் தூக்குத் தண்டனையை மீண்டும் நிறைவேற்றத் தொடங்குவதை நான் எதிர்க்கிறேன். கொலைகாரனுக்காகப் பரிந்து எதிர்க்கவில்லை. இந்த நாட்டில் அந்தக் கயிறு யாருடைய கழுத்தில் விழுந்தது, யாருடைய கழுத்தைத் தப்பவிட்டது என்று பார்த்தபின், அதை மறுபடி அரசின் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

தூக்குத் தண்டனை இங்கே ஒருமுறை நிறுத்தப்பட்டு, பிறகு மீட்கப்பட்டிருக்கிறது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இன்று நடக்கும் விவாதத்தின் எல்லா முடிச்சுகளும் அதில் இருக்கின்றன.

1956ல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமரானார். தமிழர் அவையில் அந்தப் பெயரைச் சொல்லும்போது எதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். 1958 மே மாதம் தமிழர்கள் வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் சாகும்போது, அவசரகால நிலையை அறிவிக்க நாட்களைக் கடத்தியவர். அந்தக் கணக்கை நாம் தள்ளுபடி செய்யத் தேவையில்லை. ஆனால் அதே 1958ல் அவருடைய அரசுதான் மரண தண்டனையை மூன்று ஆண்டுகளுக்கு இடைநிறுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டும் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

இடைநிறுத்தத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவுஸ்திரேலியச் சட்ட அறிஞர் நோர்வல் மொரிஸின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை அமைத்தார்கள். இலங்கையின் கொலைக் கணக்குகளையும் தூக்குக் கணக்குகளையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கூடுதலாகத் தூக்கிலிட்டதால் கொலை குறைந்ததாகவோ, தூக்கைக் குறைத்ததால் கொலை கூடியதாகவோ அந்தக் கணக்குகளில் தெரியவில்லை. 1959ல் அறிக்கை வெளிவந்தது. அதை ஆற அமர விவாதிக்க நாட்டுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி காலை, ரொஸ்மீட் பிளேஸில் இருந்த பிரதமரின் வீட்டு விறாந்தையில், மனுக் கொடுக்க வந்தவர்களோடு காவியுடையில் ஒருவர் காத்திருந்தார். தல்துவே சோமராம தேரர். ஆயுர்வேதக் கண் வைத்தியர், சுதேச வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளர். பிரதமர் அவருக்குக் கைகூப்பி வணக்கம் சொல்ல, அவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பண்டாரநாயக்க இறந்தார். சாவதற்கு முன் வைத்தியசாலையில் இருந்தபடி நாட்டுக்கு ஒரு செய்தி சொன்னார். சுட்ட மனிதன் மீது இரக்கம் காட்டுங்கள், பழிவாங்க முனையாதீர்கள் என்பது அந்தச் செய்தி. வயிற்றில் குண்டு பாய்ந்த நிலையில் ஒரு மனிதர் இதைச் சொன்னார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவருடைய அரசியலோடு எனக்கு ஒத்துப்போகாத இடங்கள் ஏராளம். இந்த ஓர் இடத்தில் நான் தலைவணங்குகிறேன்.

அவருடைய கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்த ஆண்டு டிசம்பரிலேயே, டபிள்யூ. தகநாயக்க பிரதமராக இருக்கையில், இடைநிறுத்தச் சட்டத்தை நீக்கித் தூக்கை மீட்டார்கள். இனிமேல் நடக்கும் கொலைகளுக்கு என்று மட்டும் மீட்டிருந்தால் அது ஒரு வகை. சட்டம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்த கொலைக்கும் அது பொருந்தும்படி பின்னோக்கி எழுதினார்கள். செப்டெம்பரில் துப்பாக்கி வெடித்தபோது அந்தக் குற்றத்துக்கு இந்த நாட்டில் மரண தண்டனை இருக்கவில்லை. டிசம்பரில் பாராளுமன்றம் கூடி, செப்டெம்பரில் அது இருந்ததாக ஆக்கியது. சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதன் பாரதூரம் விளங்கும். மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: குற்றம் செய்யும்போது என்ன தண்டனை இருந்ததோ அதற்கு மேல் விதிக்கக்கூடாது என்பது நாகரிகச் சட்டத்தின் அத்திவாரக் கல். அந்தக் கல்லைப் பெயர்த்துத்தான் கயிற்றைக் கட்டினார்கள்.

வழக்கு நடந்தது. சோமராம வெறும் கை. ஏவியவர்கள் வேறு என்பது வெளிப்பட்டது. களனி விகாரையின் தலைமைப் பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித தேரர், 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவின் வெற்றிக்குப் பணமும் செல்வாக்கும் செலவிட்டவர். கப்பல் கம்பனி, சீனித் தொழிற்சாலை என்று அதற்குப் பிரதியுபகாரம் எதிர்பார்த்து ஏமாந்தவர். அவரோடு எச். பி. ஜயவர்தன என்ற வர்த்தகர். 1961 மே மாதம் மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அவசரத்தில் எழுதிய அந்தப் பின்னோக்கிய சட்டம் கொலை என்ற குற்றத்தைத்தான் குறிப்பிட்டிருந்தது. கொலைக்குச் சதி செய்தலை அது உள்ளடக்கவில்லை. ஆகவே சதி செய்த புத்தரக்கிதவுக்கும் ஜயவர்தனவுக்கும் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. சுட்ட சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன் காவியைக் களைந்து கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்.

ஏவிய கை தப்பியது, ஏவப்பட்ட கை தொங்கியது. செத்துக்கொண்டிருந்தவர் கேட்ட இரக்கத்தை அவர் பெயராலேயே மறுத்தார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் அவருடைய மனைவி சிறிமாவோ. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவனைத் தன் வீட்டு விறாந்தையிலேயே இரத்த வெள்ளத்தில் பார்த்த பெண்ணிடம் நாம் எதைக் கேட்பது? அதனால்தான் சட்டத்தைத் துக்கத்தின் கையில் கொடுக்கக்கூடாது என்கிறேன். துக்கப்படுகிறவருக்கு ஆத்திரப்பட முழு உரிமை உண்டு. சட்டம் எழுதுகிறவனுக்கு அந்த உரிமை இல்லை.

அதன் பிறகு 1976 வரை தூக்குகள் தொடர்ந்தன. 1976 ஜூன் 23ஆம் திகதி வெலிக்கடையில் நடந்ததுதான் கடைசி. அன்றிலிருந்து எத்தனையோ ஜனாதிபதிகள் வந்து போனார்கள். ஒருவர்கூட ஒரு தூக்கையும் நிறைவேற்றவில்லை. ஆனால் மீட்கப்போகிறோம் என்ற அறிவிப்பு மட்டும் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது. 1999ல் சந்திரிகா குமாரதுங்க அறிவித்தார். 2004 நவம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய சுட்டுக் கொல்லப்பட்டதும் மறுபடி அறிவித்தார். எல்லாம் குற்றங்களைக் கண்டு மக்கள் கொதித்திருக்கும் நேரத்தில். 1959ன் வழித்தடம் மாறவே இல்லை.

கயிறு மிக அருகில் வந்தது 2019ல். அந்த ஆண்டு ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மணிலாவுக்குப் போய், பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி டுட்டேர்ட்டேயின் போதைப்பொருள் போரைப் புகழ்ந்துவிட்டு வந்தார். பெப்ரவரியில் அரசுப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது: தூக்கிலிடும் அலுகோசு பதவிக்கு இரண்டு வெற்றிடங்கள். 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள், நல்லொழுக்கமும் மனத்திடமும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். சம்பளம் மாதம் 36,310 ரூபா. நூற்றுக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள்.

இந்த விளம்பரத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2014ல், இதே வேலைக்கு ஒருவரைச் சேர்த்தார்கள். பயிற்சியின்போது தூக்கு மேடையைக் காட்டினார்கள். அவர் அந்த அதிர்ச்சியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு உயிரையும் அவர் எடுக்கவில்லை. அந்தப் பலகையையும் மேலே இருந்த மரத்தையும் பார்த்ததோடு சரி. நாம் எல்லோரும் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு தூக்கில் போடு என்று சொல்கிறோம். போடுவது யார்? கைகளைப் பின்னால் கட்டி, தலையில் துணியைப் போட்டு மூடி, நெம்புகோலை இழுப்பது யார்? நம் பெயரில், நம் வரிப்பணத்தில், சம்பளத்துக்கு ஒருவரை வைத்துச் செய்விக்கப்போகிறோம். உங்கள் மகன் அந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதினால் கையெழுத்து வைக்க விடுவீர்களா? விடமாட்டோம் என்றால், அடுத்தவன் வீட்டுப் பிள்ளையை அதற்கு அமர்த்த நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஜூன் மாதம் சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தூக்குப் பத்திரங்களில் கையெழுத்து வைத்துவிட்டதாக அறிவித்தார். பெயரைச் சொல்லவில்லை, நாளைச் சொல்லவில்லை. மரண தண்டனைக் கைதிகள் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த நால்வரில் தன் மகன் ஒருவனா என்று தெரியாமல் எத்தனை தாய்மார் அந்த இரவுகளைக் கழித்திருப்பார்கள்! ஜூலை 5ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தூக்கு நின்றது.

அதே ஆண்டு நவம்பரில், பதவி முடிந்து போகும் கடைசி நாட்களில், அதே சிறிசேன ஒரு மரண தண்டனைக் கைதிக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். 2005ல் கொழும்பு ரோயல் பார்க் தொடர்மாடியில் 19 வயதுப் பெண்ணொருவரை அடித்துக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட, வசதியான குடும்பத்து இளைஞன். ஜூனில் நாலு பேரைத் தூக்கிலிடச் சொன்ன பேனா நவம்பரில் இந்த விடுதலையை எழுதியது. 2024ல் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அந்த மனிதர் நாட்டை விட்டே போயிருந்தார்.

இனி, மரண தண்டனையை ஆதரிப்பவர்களின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். கொலை குறையுமா குறையாதா என்பது அந்த வாதம் அல்ல. பலர் அதையே பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். ஒன்றை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். நம் உறவுகள் பெருந்தொகையாக வாழும் கனடா, நாம் கடைசியாகத் தூக்கிலிட்ட அதே 1976ல் கொலைக்கான மரண தண்டனையைச் சட்டத்தில் இருந்தே நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே லட்சம் பேருக்கு 3 கொலை என்ற வீதம் இருந்தது. 2003ல் அது 1.73 ஆக இருந்தது. தூக்கை நீக்கியதால் குறைந்தது என்று நான் சொல்லவரவில்லை. நீக்கினால் நாடு சுடுகாடாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

வலுவான வாதம் வேறு. ஒரு குழந்தையைச் சிதைத்துக் கொன்றவன் உயிரோடு இருக்கத் தகுதி அற்றவன். அவனுக்கு உரியதைக் கொடுப்பதே நீதி என்பது அது. நம் வள்ளுவரே செங்கோன்மை அதிகாரத்தில், கொலைத்தொழில் கொடியவர்களை வேந்தன் ஒறுப்பதைப் பயிருக்குள் களை எடுப்பதற்கு ஒப்பிட்டிருக்கிறார் என்பார்கள். உண்மைதான். கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதியவர்தான் இதையும் எழுதினார். இதை மழுப்பிப் பொருள் சொல்ல நான் விரும்பவில்லை. தகுதி என்ற கேள்விக்கு வந்தால், சில செயல்களைப் பற்றி வாசிக்கும்போது எனக்கும் கை நடுங்குகிறது. இவனுக்குச் சாவும் போதாது என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் களை எடுப்பவருக்குக் களை எது, பயிர் எது என்று தெரிந்திருக்க வேண்டும். நெல்லம் பயிரையும் கோரையையும் பிரித்தறியாத கையை வயலுக்குள் விடலாமா? என் கேள்வி அந்தக் கையைப் பற்றியது.

2015 செப்டெம்பரில் கம்பஹா மாவட்டத்துக் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் தூக்கிச் செல்லப்பட்டு, வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே எரிந்தது. பொலிஸார் முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனையும், குடும்பஸ்தர் ஒருவரையும் பிடித்தார்கள். தன்னை அடித்ததாக அந்த மாணவன் பிறகு சொன்னான். பத்திரிகைகள் அவர்களைக் கொலைகாரர்கள் ஆக்கிவிட்டன. மரபணுப் பரிசோதனையில் இருவரும் இல்லை என்று ஆனது. அடுத்து ஒருவரைப் பிடித்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்கள். அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனுக்கு. ஒப்புக்கொள்ளாத இருவரும் குற்றமற்றவர்கள், ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்டவருக்கும் மரபணு பொருந்தவில்லை! அந்தக் கிழமைகளில் தெருவில் நின்று தூக்கில் போடு என்று கத்திய மக்கள், யாரைத் தூக்கில் போடச் சொன்னார்கள்? அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையை. மரபணு எஞ்சியிருந்த குற்றமாக இருந்தபடியால் அவன் தப்பினான். துப்பாக்கிச் சூட்டில் மரபணு கிடைக்காது. போதைப்பொருள் பொதியில் யார் வைத்தது என்பதற்கும் மரபணு கிடைக்காது.

தமிழராகிய நமக்கு இதில் இன்னும் ஒரு படி அனுபவம் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் அதிகாரி முன்னால் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். கிழக்கைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு, தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வைத்த பெருவிரல் அடையாளத்தை வைத்தே 50 ஆண்டுச் சிறை விதித்தார்கள்; பிறகு அது 35 ஆண்டு ஆனது. அந்த விசாரணை நீதியானது அல்ல என்று 2004ல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு முடிவு சொன்னது. சிறைத் தண்டனையாக இருந்தபடியால் முடிவு வரும்போது அவர் உயிரோடு இருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே இந்திய உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. எஞ்சியவர்களில் பேரறிவாளனுடைய வாக்குமூலத்தில், தான் வாங்கிக் கொடுத்த பற்றரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013ல் சொன்னார். இருபது ஆண்டு கடந்து!

பிலிப்பைன்ஸும் மரண தண்டனையை ஒருமுறை நிறுத்தி, 1993ல் மீட்டது. 2004ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தன் மேசைக்கு வந்த மரண தண்டனை வழக்குகளைத் தானே எண்ணிப் பார்த்தது. 907 வழக்குகளில் 651ல் கீழ் நீதிமன்றம் விதித்த மரண தண்டனை நிற்கவில்லை. நான்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. 2006ல் அவர்கள் மறுபடி நீக்கினார்கள்.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்று யாராவது கேட்பார்கள், எந்தக் கூட்டத்திலும் கேட்பார்கள். பார்க்கிறேன். 2022 ஏப்ரலில் அங்கே தூக்கிலிடப்பட்ட ஒருவர் மலேசியத் தமிழ் இளைஞர். 2009ல் 42.72 கிராம் ஹெரோயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லை கடந்தபோது பிடிபட்டவர். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று மருத்துவ மதிப்பீடு இருந்தது. அந்தப் பொதியைக் கட்டி அனுப்பிய முதலாளியின் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாமல் இருந்திருக்குமா? நம் நாட்டுச் சட்டத்தில் இரண்டு கிராம் ஹெரோயினே மரண தண்டனைக்குப் போதும். இரண்டு கிராமோடு தெருவில் பிடிபடுகிறவன் யார் என்று இங்கே இருக்கிற சட்டத்தரணிகளுக்குத் தெரியும். புத்தரக்கிதவும் சோமராமவும் அன்றோடு முடிந்த கதை அல்ல.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகக் கடினமானது. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டதை இந்த மண்ணில் யாரும் மறக்கவில்லை. கடைகள் மூடின, பிள்ளைகள் சீருடையோடு வீதிக்கு வந்தார்கள். முக்கிய சந்தேகநபர் ஒருவரை மக்கள் பிடித்துக் கொடுத்தும் அவர் தப்பிப் போனார். அதற்கு உதவியதாகப் பிறகு ஒரு மூத்த பொலிஸ் அதிகாரியே கைதானார். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி, நீதிபதிகள் சசிமகேந்திரன், பிரேம்சங்கர், இளஞ்செழியன் ஆகிய மூவரும் இருந்த ட்ரயல் அட் பார் மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அன்றைக்கு யாழ்ப்பாணம் பெருமூச்சு விட்டது. நானும்தான். அந்தத் தாயின் முன்னால் போய், மரண தண்டனை தவறு அம்மா என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் அந்தப் பெருமூச்சு எதற்காக வந்தது என்று பிறகு யோசித்தேன். அவர்கள் சாகப்போகிறார்கள் என்பதற்காகவா? யாரும் அதை நம்பவில்லை. 1976க்குப் பின் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தமிழ்ப் பிள்ளையின் கொலையை அரசு முழுதாக விசாரித்தது, சாட்சிகள் வந்தார்கள், மறைக்கப் பார்த்தவர்கள் வெளியே வந்தார்கள், தீர்ப்பு இரண்டரை ஆண்டுக்குள் கிடைத்தது. நாம் மூச்சு விட்டது அதற்காக.

மிருசுவிலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்தவர்கள் தங்கள் வீடு வாசலைப் பார்த்து விறகும் எடுத்து வரலாம் என்று போனார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். அதில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. காயத்தோடு தப்பி வந்த ஒருவரின் சாட்சியால்தான் புதைகுழியே தெரிந்தது. வழக்கு முடிய 2015 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஐவரில் நால்வர் விடுதலை. சுனில் ரத்நாயக்க என்ற ஒருவருக்கு மரண தண்டனை. 2019ல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அதை ஒருமனதாக உறுதி செய்தார்கள். 2020 மார்ச் 26ஆம் திகதி, கொரோனா ஊரடங்கில் சனம் வாசலுக்கு வெளியே கால் வைக்க முடியாத நேரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுதலை செய்தார். அடுத்த ஆண்டு, சக அரசியல்வாதியின் கொலைக்காக மரண தண்டனை பெற்ற துமிந்த சில்வாவையும் மன்னித்தார். மன்னித்ததோடு வீடமைப்பு அதிகார சபைக்குத் தலைவராகவும் ஆக்கினார். 2024ல் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்துச் செய்தது.

மிருசுவிலின் உறவுகளுக்குத் தூக்கும் கிடைக்கவில்லை, சிறையும் மிஞ்சவில்லை. இந்த நாட்டின் நோய் தண்டனை போதாது என்பது அல்ல. விதித்த தண்டனை நிற்காது என்பதுதான். ஆளைப் பார்த்து, இனத்தைப் பார்த்து, கட்சியைப் பார்த்து அது கரைகிறது. இந்த நோய்க்குக் கயிறு மருந்தாகாது. கயிறு வந்தால், செல்வாக்கு உள்ளவன் மன்னிப்பில் போவான், இல்லாதவன் மேடைக்குப் போவான்.

அந்த மேடை இருக்கும் சிறைச்சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் குட்டிமணியும் ஜெகனும் ஏற்கெனவே மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள். சட்டப்படி தூக்கிலிடுவதென்றாலும் அதற்கு ஒரு முறை, ஒரு பத்திரம், ஒரு கையெழுத்து வேண்டும். அரசின் காவலில் இருந்தவர்களை அரசின் சுவர்களுக்குள் கொன்றார்கள். அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தன் காவலில் இருந்த உயிரைக் காக்காத அரசுக்கு, தன் காவலில் இருக்கும் உயிரை எடுக்கும் உரிமையை நான் எப்படித் தருவேன்?

நம் நீதிமன்றங்களில் மரண தண்டனை விதிக்கும்போது விளக்கை அணைப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நீதிபதி வாசித்து முடித்துப் பேனாவை முறிப்பார். இன்ன நாளில் தூக்கிலிடப்படுவாய் என்று சொல்லப்படும் அந்த வாசகம் நடக்காது என்று நீதிபதிக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியும், அழுதுகொண்டு நிற்கும் பறிகொடுத்தவர்களுக்கும் தெரியும். தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு கொலைக்கு மரணம் ஒன்றையே தண்டனையாகச் சொல்வதால், நீதிபதிக்கு வேறு வழியும் இல்லை. நிறைவேறாத தூக்கை விதித்து, பிறகு அரசியல் மன்னிப்புக்குக் கதவைத் திறந்து வைப்பதை விட, நிறைவேறுகிற சிறையை விதிப்பது பறிகொடுத்தவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

2022 ஓகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, தான் தூக்குப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்று சட்டமா அதிபர் மூலம் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். நல்லது. ஆனால் ஒரு ஜனாதிபதியின் வாக்குறுதி அவர் பதவியோடு போய்விடும். அடுத்த பெருங்கொலை நடந்த கிழமை, இன்னொரு ஜனாதிபதி பேனாவை எடுப்பார்.

ஆகவே சட்டத்தரணிகளையும் சட்ட மாணவர்களையும் கேட்கிறேன்: 296ஆம் பிரிவைத் திருத்தும் வரைவை நீங்கள் எழுதுங்கள். மரணத்தை எடுத்துவிட்டு, நீதிமன்றம் மட்டுமே மீளாய்வு செய்யக்கூடிய நீண்ட சிறையை வையுங்கள். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின் கீழ் மன்னிப்புக் கொடுக்கும்போது, கொல்லப்பட்டவரின் குடும்பத்தைக் கேளாமல், காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லாமல் கொடுக்க முடியாதபடி செய்யுங்கள். பொதுமக்களாகிய உங்களைக் கேட்கிறேன்: உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது தூக்கைக் கேட்காதீர்கள். கொலை வழக்கை மூன்று ஆண்டுக்குள் முடிக்க என்ன செய்கிறாய், சாட்சி சொன்னவனுக்கு என்ன பாதுகாப்புத் தருகிறாய், மிருசுவில் மன்னிப்பைப் பற்றிப் பாராளுமன்றத்தில் நீ என்ன பேசினாய் என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை விடாமல் கேளுங்கள்.